கல்லில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்: மீமிசல் கரை முதல் தரங்கம்பாடி வரை பட்டினப் பெயர்களின் வரலாறு

1. பெயர்வரிசை எழுப்பும் கேள்வி

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோயில் வட்டத்தில், பாக் நீரிணையின் கரையில் உள்ளது மீமிசல். அதன் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். வடக்கே கிருஷ்ணாஜிப்பட்டினம், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்; அருகிலேயே கோபாலப்பட்டினம்; தெற்கே ஆர்.புதுப்பட்டினம், மாவட்ட எல்லை தாண்டினால் எஸ்.பி.பட்டினம், பாசிப்பட்டினம். இத்தனை பட்டினங்களுக்கு இடையில் அந்த ஈறு ஒட்டாமல் நிற்பவை காட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி முதலான சில பெயர்களே.

ரா.பி.சேதுப்பிள்ளை 1946-இல் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ நூலில் பட்டினம், பாக்கம் ஆகியவற்றை நெய்தல் நில ஊர்களுக்குரிய ஈறுகளாக விளக்கினார். அந்த விளக்கத்திலிருந்து மேலும் ஒரு கேள்வி பிறக்கிறது. பட்டினத்துக்கு முன்னால் நிற்கும் பெயர் யாருடையது? அதை இட்டவர் யார்? இட்ட பெயர்களுள் சில நிலைத்ததற்கும் பல உதிர்ந்ததற்கும் காரணம் என்ன?

கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஒரே சமயத்தில் பல பெயர்கள் இருந்திருக்கின்றன. ஆவணம் எழுதுபவர் ஒரு பெயரையும், கப்பலில் வருபவர் ஒரு பெயரையும், உள்ளூரார் ஒரு பெயரையும் வழங்கினார்கள். ஆகவே பெயர்மாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் புதுப்பெயர் பழம்பெயரை அழித்த நிகழ்ச்சியன்று. பக்கம் பக்கமாக வழங்கிய பெயர்களுள் எந்தப் பெயரைச் சொல்லும் கூட்டம் எஞ்சியது என்பதே அந்த வரலாறு. இக்கருத்தைத் தரங்கம்பாடியை முதன்மைச் சான்றாகக் கொண்டும், பெரியபட்டினம், ஊர்காவற்றுறை, பரங்கிப்பேட்டை ஆகியவற்றை ஒப்பிட்டும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. சான்றுகள் கிடக்கும் இடம்

மீமிசல் கரையின் ஊர்ப்பெயர்களை ஆராய்பவர் முதலில் எல்லைகளைக் கவனிக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. அறந்தாங்கிப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தபோதுதான் புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது. ஆகவே சமஸ்தானத்து ஆவணங்களைப் புரட்டி இக்கரையைத் தேடுவதில் பயன் குறைவு. தஞ்சை நாயக்கர், தஞ்சை மராத்தியர், இராமநாதபுரம் சேதுபதிகள் ஆகியோரின் ஆட்சி எல்லைகள் முன்னும் பின்னும் நகர்ந்த நிலம் இது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேதுபதி சீமை பிரிந்தபோது பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள பகுதி தஞ்சைக்குப் போயிற்று. கிருஷ்ணாஜிப்பட்டினம் என்ற பெயரிலுள்ள ‘ஜி’ மராத்தியர் காலத்தின் தடம் என்று கருத இடமுண்டு. பாம்பாற்றுக்குத் தெற்கே சுந்தரபாண்டியன்பட்டினம் என்ற பெயரில் பாண்டியர் தடம் பளிச்சென்று தெரிகிறது.

இரண்டாவதாக, பெயர் ஊராரின் சமயத்தையோ குலத்தையோ காட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கோபாலப்பட்டினம் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் ஊர். பெயர் இடப்பட்ட காலமும் இன்றைய குடிகள் வந்தமர்ந்த காலமும் வெவ்வேறாக இருக்கலாம். ஒரே காலமாக இருந்தாலும் பெயரிட்டவர் வேறு, குடியிருந்தவர் வேறாக இருக்கலாம்.

மூன்றாவது எச்சரிக்கை ஒலி ஒற்றுமை பற்றியது. ‘மீ’ என்றால் மேல், ‘மிசை’ என்றாலும் மேல். இரண்டையும் சேர்த்து மீமிசலுக்குப் பொருள் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பழைய எழுத்துச் சான்று ஒன்றில் பெயரின் முந்தைய வடிவைக் காணாமல் இன்றைய வடிவைப் பிரித்துப் பொருள் சொல்வது ஆய்வாகாது. அப்படிப் பிரித்ததால் என்ன நேரும் என்பதைத் தரங்கம்பாடி காட்டுகிறது.

மீமிசலின் வட்டத் தலைநகரே பெயர் அடுக்குக்கு நல்ல சான்று. மாணிக்கவாசகர் வரலாற்றோடு பிணைந்த திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர் அங்கே குருவைக் கண்டு பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்பது தலவரலாறு. கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லாமல் ஆவுடையார் மட்டும் இருப்பதால் கோயிலுக்கு அமைந்த வழக்குப்பெயர் ஊருக்கும் வட்டத்துக்கும் பெயராயிற்று. ஆனால் திருப்பெருந்துறை அழிந்துவிடவில்லை. திருவாசகம் ஓதுபவர் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். பேருந்துக்குச் சீட்டு கேட்பவர் ஆவுடையார்கோயில் என்கிறார். இரண்டு பெயர்களுக்கும் இரண்டு வகை வாய்கள் இருக்கின்றன.

3. ‘ஆன’: கல்வெட்டின் சாட்சியம்

பழைய கல்வெட்டுகள் பெயரை மாற்றும்போது பழம்பெயரை மறைப்பதில்லை. இன்ன ஊர் ‘ஆன’ இன்ன பட்டினம் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றன. இது கல்வெட்டு எழுதியோரின் நேர்மையைவிட அவர்களுடைய தேவையைக் காட்டுகிறது. கொடையாக வந்த நிலம் எது, வரி தரும் துறை எது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். அரசன் இட்ட புதுப்பெயரை மட்டும் எழுதினால் அக்கம்பக்கத்தாருக்கு ஊர் எதுவென்று விளங்காது. எனவே ‘ஆன’ என்ற சிறு சொல், அரசப்பெயர் இன்னும் மக்கள் வாயில் ஏறவில்லை என்பதற்கான ஒப்புதலாகவும் நிற்கிறது.

சோழர் காலத்தில் நாகப்பட்டினத்துக்குச் சோழகுலவல்லிப்பட்டினம் என்ற பெயர் இருந்தது. முதலாம் குலோத்துங்கன் 1090-இல் வழங்கிய சிறிய லெய்டன் செப்பேட்டில் அந்தப் பெயர் வருகிறது. ஸ்ரீவிஜயத்துச் சைலேந்திர மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரம் இருந்த துறைமுகம் அது. கடல் கடந்த அரசர் அறிந்த ஊருக்குக் குலப்பெருமை சொல்லும் பெயர் தேவைப்பட்டிருக்கும். அதே குலோத்துங்கன் காலத்தில் வடக்கே விசாகப்பட்டினம் குலோத்துங்கசோழப்பட்டினம் என்று அழைக்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் இன்றைய சதுரங்கப்பட்டினத்தை ராஜநாராயணன் பட்டினம் என்றார்கள். மூன்று அரசப்பெயர்களும் இன்று கல்வெட்டு நூல்களுக்குள் மட்டுமே இருக்கின்றன. நாகப்பட்டினமும் விசாகப்பட்டினமும் தம் பெயரோடு நிற்கின்றன.

அரசர்கள் துறைமுகங்களுக்குத் தம் பெயரை இட்டதன் காரணம் வெறும் புகழாசை மட்டுமன்று. பட்டினம் என்பது சுங்கம் வரும் இடம், வணிகக் குழுக்களோடு உடன்படிக்கை செய்யும் இடம். மீமிசலுக்கும் தொண்டிக்கும் இடையே உள்ள தீர்த்தாண்டதானத்தில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்களைக் குறிப்பிடுகிறது. இச்சிற்றூர் அன்று எத்தனை கூட்டத்தாரின் சந்திப்பிடமாக இருந்தது என்பதற்கு அந்தப் பட்டியலே போதும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர் (தமிழகக் கிழக்குக் கரை) முதலிய இடங்களின் துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 தினார் என்றும் எழுதினார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனாலும் அத்தகைய பணம் புழங்கிய துறைக்கு அரசன் தன் பெயரைப் பொறிக்க விரும்பியதில் வியப்பில்லை.

4. தரங்கம்பாடி: ஒரு பெயரின் எழுநூறு ஆண்டுகள்

தரங்கம்பாடிக் கடற்கரையில் அலை அரித்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 1305-ஆம் ஆண்டையொட்டிய அதன் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி ஆன குலசேகரன்பட்டினம் என்று சொல்கிறது. பெயர்வரலாற்றுக்கு வேண்டிய மூன்று செய்திகள் இத்தொடரில் உள்ளன. 1305-க்கு முன்பே சடங்கன்பாடி என்ற ஊர் இருந்தது. அது பாடி, அதாவது குடியிருப்பு. வாணியம்பாடி, காட்பாடி போன்ற பெயர்களில் வரும் அதே ஈறு. மூன்றாவதாக, பாண்டியர் ஆட்சி சோழநாட்டுக் கரைக்கு ஏறியபோது அந்தப் பாடி பட்டினமாக உயர்த்தப்பட்டது.

குலசேகரன் காலமான சில ஆண்டுகளில் பாண்டிய அரசு வாரிசுப் போரில் சிக்கி, தில்லிப் படையெடுப்புகளில் நொறுங்கியது. குலசேகரன்பட்டினம் என்ற பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உள்ள அதிகாரியும் இல்லை, ஆவணமும் இல்லை. சடங்கன்பாடி தொடர்ந்தது. அதன் ஒலி காலப்போக்கில் தரங்கம்பாடி என்று திரிந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். முதல் எழுத்து மாறியதற்கு ஒலி மட்டும் காரணமாக இருக்க முடியாது. பொருளும் துணை செய்திருக்க வேண்டும். சடங்கன் யார் என்று ஊர் மறந்துவிட்டது. கண்முன்னே கடல் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை. பொருள் விளங்காத பெயரை விளங்கும் பெயராக வளைத்துக்கொள்வது எல்லா மொழியிலும் மக்கள் செய்வதுதான். பின்னர் ‘பாடி’யும் பொருள் மாறியது. குடியிருப்பைக் குறித்த ஈற்றைப் பாடுதல் என்று கொண்டு, அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. கல்வெட்டிலுள்ள ‘பாடி’யில் பாட்டு இல்லை.

அடுத்த அடுக்கு டென்மார்க்கிலிருந்து வந்தது. 1616-இல் தொடங்கிய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ஓவ கெத்த தலைமையில் வந்தவர்கள் 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டைக்குத் தம் நாட்டுப் பெயரை இட்டார்கள். ஊருக்குப் புதுப்பெயர் இடவில்லை. தம் நாவுக்கு வந்தபடி ட்ராங்கேபார் என்றார்கள். 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய சமயப் பரப்பாளர் சீகன்பால்குவின் முயற்சியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் 1714-ஆம் ஆண்டு இலத்தீன் முகப்பில் ஊர்ப்பெயர் ட்ராங்கேபாரியே என்று இருக்கிறது. இந்த அச்சு வழியாகத்தான் ஐரோப்பிய நூலகங்களில் இவ்வூர் நிலைபெற்றது. ட்ராங்கேபார் என்ற வடிவில் ‘பாடி’யின் டகரம் ரகரமாகி ‘பார்’ ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் தமிழ்ப்பெயர் அப்படியே புதைந்திருக்கிறது. இது பெயர்மாற்றமன்று, உச்சரிப்பு மாற்றம்.

இதே டேனியர் வங்காளத்தில் வேறு வழியில் போனார்கள். 1755-இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் ஸ்ரீராம்பூரில் குடியேறி, தம் அரசர் பிரெடரிக்கின் பெயரால் பிரெடரிக்ஸ்நகர் என்று அழைத்தார்கள். 1845-இல் இரண்டு ஊர்களையும் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றபோது பிரெடரிக்ஸ்நகர் என்ற பெயரும் ஆட்சியோடு போய்விட்டது. உள்ளூர்ப் பெயரின் திரிபான செராம்பூர் நின்றது. ஒரே ஆட்சியாளர், ஒரே விற்பனை, இரண்டு பெயரிடும் முறைகள். உள்ளூர்ப் பெயரை ஒட்டிப் பிறந்த ட்ராங்கேபார் ஐரோப்பிய வழக்கில் இன்றும் வாழ்கிறது. அரசனை ஒட்டிப் பிறந்த பிரெடரிக்ஸ்நகர் வழக்கொழிந்தது. குலசேகரன்பட்டினத்துக்கு 14-ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது பிரெடரிக்ஸ்நகருக்கு 19-ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது.

5. கடலில் வந்தவர் கேட்ட பெயர்

கல்லில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயரும் ஒரே காலத்தில் இருந்தன என்பதை உறுதிப்படுத்த, வெளிநாட்டார் காதில் விழுந்த பெயர்கள் உதவுகின்றன. இராமநாதபுரம் கரையிலுள்ள பெரியபட்டினத்தைப் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்கின்றன. அங்கிருந்த சோனகர் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியைத் திருப்புல்லாணிக் கல்வெட்டு சொல்கிறது. 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.

சீன வணிகப் பயணி வாங் தாயுவான் 1349-ஐ ஒட்டி எழுதிய நூலில் தா-பா-தான் என்ற துறைமுகம் வருகிறது. சீனத்தில் ‘தா’ என்றால் பெரிய. ‘பாதான்’ பட்டினத்தின் ஒலிபெயர்ப்பு. இதைப் பெரியபட்டினம் என்று வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா அடையாளம் கண்டார். அவர் கருத்தை ஏற்றால் ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. கல்வெட்டு பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று பொறித்த காலத்தை ஒட்டியே துறையில் நின்றவர்கள் பெரியபட்டினம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சீனர் கேட்டது துறைப்பேச்சை. கல்லில் ஏறியது அரசுப்பேச்சு. பின்னால் தோன்றிய பெயர் என்று நாம் நினைக்கும் பெரியபட்டினம் 14-ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது.

மீமிசலுக்கு எதிர்க்கரையில், யாழ்ப்பாணத் தீவுகளிலும் இதற்கு இணை உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் எவ்வளவு பண்டாரத்துக்கு, எவ்வளவு உடையவனுக்கு என்றும் வகுக்கிறது. ஊராத்துறை இன்று ஊர்காவற்றுறை; சிங்களத்தில் ஊராத்தொட்ட. பாலி நூலில் வரும் சூகரதித்த என்ற பெயரை ஆய்வாளர்கள் இத்துறையோடு பொருத்துகிறார்கள். சிங்களத்தில் ‘ஊரா’ என்றால் பன்றி. பாலியில் ‘சூகர’ என்றாலும் அதுவே. தமிழ் வழக்கோ அதே ஒலியை ஊர் என்று கேட்டு, காவலையும் சேர்த்துக்கொண்டது. போர்த்துக்கீசியர் கப்பல்துறையைக் குறிக்கும் தம் சொல்லால் அழைத்தது ஆங்கிலத்தில் கயிட்ஸ் ஆனது. ஒரே துறைக்கு நான்கு மொழியாரும் நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள். அவரவர் பேசும் இடத்தில் அவரவர் பெயர் உயிரோடு இருக்கிறது.

6. பந்தரும் பேட்டையும்

வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் பெயர்ப்போட்டி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சிக்கு வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெந்தா, செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் வெள்ளாற்றங்கரையில் தம் பெயரால் பட்டினம் ஒன்றை எழுப்பியதைப் பதிவு செய்திருக்கிறார். இப்பட்டினம் பரங்கிப்பேட்டையே என்பது வரலாற்றாசிரியர் கருத்து. போர்த்துக்கீசியர் அதைப் போர்ட்டோ நோவோ, புதுத்துறைமுகம், என்றார்கள். பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த நாளில் அது மகமூது பந்தர் (பந்தர் என்றால் துறைமுகம்) ஆயிற்று. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டுக்கும் நடந்த போர் ஆங்கிலேய வரலாற்றில் போர்ட்டோ நோவோ போராகவே பதிவாகியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு நடந்த இரும்பாலையும் அந்தப் பெயரைத்தான் தாங்கியது.

சுற்றுவட்டாரத்தார் வழங்கியதோ பரங்கிப்பேட்டை. அது பரங்கியர் இட்ட பெயரன்று. அங்கே பரங்கியர் இருந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் இட்ட பெயர். நான்கு பெயர்களில் கிருஷ்ணப்பர் பெயர் முதலில் மறைந்தது. போர்ட்டோ நோவோ வரைபடத்திலும் நூலிலும் தங்கிவிட்டது. மகமூது பந்தர் ஊர்ப் பெரியோரின் நினைவிலும் முஸ்லிம் வரலாற்று எழுத்திலும் இருக்கிறது. சந்தைக்குப் போகிறவன் சொன்ன பெயர் அரசுப் பெயராக நிலைபெற்றது.

7. நிலைத்த அரசப்பெயர்கள்

இக்கருத்துக்கு எதிரான சான்றுகளையும் பார்க்க வேண்டும். மீமிசலுக்குத் தெற்கே சுந்தரபாண்டியன்பட்டினம் இன்றும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினம் நிற்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதால் அந்தப் பெயர் நாடெங்கும் ஒலித்தது. தரங்கம்பாடியில் தோற்ற குலசேகரன் இங்கே எப்படி வென்றான்?

வேறுபாடு ஊரின் தொடக்கத்தில் இருக்கக்கூடும். சடங்கன்பாடி, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம் ஆகியவை அரசப்பெயர் வருவதற்கு முன்பே வேரூன்றிய ஊர்கள். அங்கே அரசப்பெயர் இரண்டாவது பெயராக வந்து ‘ஆன’ என்பதன் பின்னால் நின்றது. அரசன் பெயரோடே கடைத்தெருவும் சுங்கச்சாவடியும் எழுந்த ஊரில் அந்தப் பெயரோடு போட்டியிட வேறு பெயர் இல்லை. அங்கே அரசப்பெயரே மக்கள் பெயர். இது என் ஊகமே. ஆயினும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். பழம்பெயரோடு ‘ஆன’ போட்டு எழுதிய பட்டினங்களையும், ‘ஆன’ இல்லாமல் அரசப்பெயரால் மட்டும் எழுதிய பட்டினங்களையும் பிரித்துப் பட்டியலிட்டு, எந்த வகையில் அரசப்பெயர் மிகுதியாக எஞ்சியது என்று எண்ணிப் பார்க்கலாம்.

நிலைத்த பெயரும் பேச்சின் பிடியிலிருந்து தப்புவதில்லை. சுந்தரபாண்டியன்பட்டினம் பேருந்துப் பலகையில் எஸ்.பி.பட்டினம் ஆகிவிட்டது. பாண்டியன் பெயரை ஆங்கில எழுத்து இரண்டுக்குள் அடக்கிய இந்த வடிவம் அரசாணையால் வந்ததன்று. அருகிலுள்ள ஆர்.புதுப்பட்டினத்தின் முன்னெழுத்து வேறு வகை: புதுப்பட்டினம் என்ற பெயரில் ஊர்கள் பல இருக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கும் தேவை அஞ்சலுக்கும் வருவாய்த் துறைக்கும் உண்டு. முந்தியது நாவின் சுருக்கம், பிந்தியது ஆவணத்தின் வேலி.

ஆவண அதிகாரத்தின் எல்லையை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டியது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் போன்ற பெயர்களுக்குத் தந்த புதிய எழுத்துக்கூட்டல் கேலிக்கும் எதிர்ப்பிற்கும் ஆளாகி, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அங்கே பெயர்கூட மாறவில்லை, வேற்றுமொழியில் அதை எழுதும் முறைதான் மாறியது. அதையே பழக்கம் ஏற்கவில்லை. 1996-இல் மெட்ராஸ் சென்னையானபோது அத்தகைய தடை எழவில்லை, ஏனென்றால் தமிழில் பேசியவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே சென்னை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆணை மக்கள் பெயரை ஆவணத்தில் ஏற்றியது.

8. முடிவுகள்

இச்சான்றுகளிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று: வேரூன்றிய கடற்கரை ஊருக்கு மேலிருந்து இடப்பட்ட பெயர், அதை எழுதிய ஆட்சியின் ஆயுளைத் தாண்டுவது அரிது. குலசேகரன்பட்டினமான சடங்கன்பாடியும், பிரெடரிக்ஸ்நகரான ஸ்ரீராம்பூரும் இதற்குச் சான்று.

இரண்டு: மக்கள் பெயரும் மாறாமல் நிற்பதில்லை. பொருள் மறந்த பெயரைப் பொருள் தெரிந்த பெயராக ஊரார் வளைத்துக்கொள்கிறார்கள். தரங்கம்பாடியும் ஊர்காவற்றுறையும் இவ்வாறு வந்தவை. ஆகவே இன்றைய வடிவிலிருந்து நேரே வேர்ச்சொல் தேடுவது பெரும்பாலும் பிற்காலத்தார் கற்பனையைத்தான் கண்டெடுக்கும்.

மூன்று: அயல்நாட்டார் குறிப்புகளைப் பெயர்ச் சிதைவு என்று ஒதுக்கக் கூடாது. அரச ஆவணம் பதிவு செய்யாத துறைப்பேச்சை அவை சில வேளை காட்டித் தருகின்றன.

நான்கு: ஒரு பெயரின் காலத்தை அது முதன்முதல் எழுத்தில் வரும் ஆண்டைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. பெரியபட்டினம் தமிழ் எழுத்தில் வந்த காலத்தைவிடப் பேச்சில் இருந்த காலம் நீண்டது.

மீமிசல் கரைக்கு இம்முடிவுகள் ஒரு வேலைத்திட்டத்தைத் தருகின்றன. இங்கே ஊர்ப்பெயர்களோடு நின்றுவிடாமல், துறைகள், உப்பளங்கள், முகத்துவாரங்கள், கரைவலை இழுக்கும் பாடுகள், பழைய நிலஅளவைப் பதிவேடுகளிலுள்ள புலப்பெயர்கள் ஆகியவற்றையும் தொகுக்க வேண்டும். கடலில் நின்று கரையை அடையாளம் காணும் மீனவரிடமும், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களின் பழைய கணக்கேடுகளிலும் வேறு பெயர்கள் இருக்கும். தஞ்சை மராத்தியரின் மோடி எழுத்து ஆவணங்களையும் சேதுபதி செப்பேடுகளையும் அவற்றோடு ஒப்பிட்டால், இக்கரையின் பட்டினங்களில் எவை இடப்பட்ட பெயர், எவை வளர்ந்த பெயர் என்று பிரிக்க முடியும். அரசர் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டுகள் இனியும் காத்திருக்கும். மீனவர் சொல்லும் துறைப்பெயர்கள் ஒரு தலைமுறை மாறினால் கிடைக்காமல் போகலாம் என்பதால், களப்பணி அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.